தொட்டியும் கட்டுத்தறியும்

பழைய பண்ணை வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் முன்வாசல் தூண்களிலேயே நின்றுவிடுகிறார்கள். காங்கேயம் பக்கம் வந்தால் நேரே பின்புறம் போங்கள். மாடு கட்டும் கட்டுத்தறியிலிருந்து பார்த்தால்தான் அந்த வீடு ஏன் அத்தனை பெரிதாக வளர்ந்தது என்பது விளங்கும்.

மழை குறைந்த, கிணறு ஆழமான சீமை இது. மின்மோட்டார் வருமுன் கிணற்று நீரைக் கவலை கட்டி இறைக்க வலுவான எருதுகள் வேண்டும்; இல்லையென்றால் வெள்ளாமை இல்லை. அதனால் பெரிய குடும்பங்களின் செல்வம் மாடாகவே இருந்தது. நத்தக்காடையூர் அருகிலுள்ள பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதற்குச் சிறந்த சான்று. அவர்களில் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கேயம் இனத்தைப் பொறுக்கி வளர்த்து மேம்படுத்தியவர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1953இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலில் பழையகோட்டை மந்தைக்கு இடம் உண்டு.

இந்தச் சீமையின் வசதியான பழைய வீடுகள் பெரும்பாலும் தொட்டிக்கட்டு. நடுவே வானம் பார்த்த முற்றம், அதுதான் தொட்டி. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை அதில் கொட்டும். சுற்றிலும் தாழ்வாரம், அதையொட்டி ஆசாரம் என்னும் கூடம், அறைகள். பகலில் சூடான காற்று மேலெழுந்து தொட்டி வழியே வெளியேற, நிழலில் கிடந்த காற்று அந்த இடத்தை நிரப்பும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்கித் தொட்டியில் தேங்கும். தரையும் தடித்த சுவரும் அந்தக் குளிர்ச்சியை மறுநாள் முற்பகல்வரை பிடித்து வைத்திருக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் காற்று புழுதியை வாரி வரும். அதனால் வெளிச்சுவரில் சன்னல்கள் சிறியவை, வெளிச்சம் தொட்டியிலிருந்துதான்.

சுவர்ப்பூச்சைத் தொட்டுப் பாருங்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டு அரைத்துப் பூசியது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி அது மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். ஆனாலும் ஈரத்தை வெளியே விடும். இப்போது அதன்மேல் சிமென்ட் பூசி, தொட்டியையும் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்கவே மனம் வலிக்கிறது. ஈரம் சுவருக்குள் தங்கிவிடும், சூடு போக வழியிருக்காது.

வீடு மதிலோடு முடிவதில்லை. கிளுவை வேலியடைத்த கொரங்காடும் அதன் பகுதிதான். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் ஆள்காவல் இல்லாமலே மேயும். கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே செம்பழுப்புக் கன்றைக் கண்டால் வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். காங்கேயம் கன்று அந்த நிறத்தில்தான் பிறக்கும். ஆறு மாதம் போல ஆனபிறகே சாம்பல் பூக்கும்.