தீவுகளின் பேராயம்: தொலைவிலுள்ள திருச்சபையும் அதன் தலைமையும்

கடலூர்த் தேவனாம்பட்டினக் கரையில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது வங்கக் கடலைக் கடந்து, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டருக்கு அப்பால், அந்தமான் தீவுகளின் தலைநகரைச் சென்றடையும். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகரும் நமது கடலூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்தவை. அங்கிருந்து தெற்கே, கடல்வழியாக 270 கிலோமீட்டர் அளவில், கார் நிக்கோபார் தீவு உள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவது இந்த நிக்கோபார்த் தீவுக்கூட்டமே.

வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கும் இத்தீவுகளில் ஒரு பேராயம் உண்டு. வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அந்தமான் நிக்கோபார்ப் பேராயம் அது. அதன் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். அறிந்தவர்களும் அதனை ஒரு வியப்புச் செய்தியாகக் கேட்டு விட்டுவிடுவதுண்டு. ஆயினும் திருச்சபையின் தலைமை எங்கிருந்து எழுகின்றது என்னும் கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடை, குருத்துவக் கல்வி பெறுவோரும் சபை நடத்துவோரும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

தரங்கம்பாடியிலிருந்து சென்றோர்

நிக்கோபாருக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்லும் முயற்சி நம்முடைய கரையிலிருந்தே தொடங்கிற்று. சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள தரங்கம்பாடி அக்காலத்தில் டேனியர் வசம் இருந்தது. டேனியர் 1756இல் நிக்கோபார்த் தீவுகளையும் தமக்குரியவை என அறிவித்தனர். அங்கு குடியேற்றம் ஒன்றை நிறுவவும் தீவாரிடையே ஊழியம் செய்யவும் மொரேவிய சகோதரர்கள் அழைக்கப்பட்டனர். 1760இல் அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்து, அருகே ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்துக் கொண்டனர். அந்நாளில் கடலூரில் கீர்நாந்தர் ஐயர் 1740 முதல் ஆற்றிவந்த ஊழியம், பிரெஞ்சுப் படையெடுப்பின் காரணமாக 1758இல் முடிவுற்று, அவர் கல்கத்தா சென்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1768இல் மொரேவியர் நிக்கோபார்க் கூட்டத்தின் நடுவிலுள்ள நன்கௌரித் தீவில் குடியேறினர். அவர்களுடைய அர்ப்பணிப்பில் குறை காண இயலாது. காடு திருத்தினர், வீடு கட்டினர், காய்ச்சலால் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அவர்களுள் ஒருவரான ஹேன்சல் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812இல் நூலாக வெளிவந்தன. தீவிலேயே பதினொருவர் அடக்கம் பண்ணப்பட்டதாக அவர் குறிக்கின்றார். தீவாரின் மொழியில் போதிய தேர்ச்சி பெற முடியாமற் போனதும் அவருடைய மனத்தை உறுத்தியது. தரங்கம்பாடியிலிருந்து கப்பல் வந்தால் உணவு, மருந்து, செய்தி, வராவிடில் எதுவுமில்லை. 1787இல் அப்பணி கைவிடப்பட்டது. பத்தொன்பது ஆண்டு உழைப்பிற்குப் பின் நிலைத்துநின்ற சபை ஒன்றும் அங்கு இல்லை.

இதனைத் தோல்வி என்று எளிதாகக் கூறிவிடக் கூடாது. விதைத்தவரை நாம் நியாயந்தீர்க்கக் கடவோமல்லோம். ஆனால் ஒன்றை மட்டும் கருதவேண்டும். அந்த ஊழியத்தின் உயிர்நாடி கடலுக்கு இப்புறத்தே இருந்தது. கப்பல் நின்றபோது ஊழியமும் நின்றது.

ஓர் உபதேசியார்

டேனியர் தமது உரிமையை 1868இல் விட்டுக்கொடுக்க, அடுத்த ஆண்டில் நிக்கோபார் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. போர்ட் பிளேரில் 1858 முதலே கைதிகளின் குடியிருப்பு இருந்தது. 1877இல் இரங்கூன் பேராயம் அமைக்கப்பட்டபோது, இத்தீவுகளும் அதன் எல்லைக்குள் வைக்கப்பட்டன. பேராயரோ இரங்கூனில் இருந்தார். கப்பல் கிடைக்கும்போது வந்துசென்றார்.

இந்நிலையில் 1895ஆம் ஆண்டளவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் வந்து தங்கியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார். அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். போர்ட் பிளேரில் உபதேசியாராக இருந்த அவர், அரசாங்கத்தின் முகவராகவும் பள்ளி ஆசிரியராகவும் நற்செய்திப் பணியாளராகவும் அத்தீவில் வைக்கப்பட்டார். வந்துபோகும் கப்பல்களையும் வணிகரையும் பற்றி அறிக்கை எழுதுவதும், சிறுவரைக் கூட்டி எழுத்தறிவிப்பதும், ஞாயிறுதோறும் வழிபாடு நடத்துவதும் ஒரே மனிதரின் கடமைகளாயிருந்தன.

தமிழோடு எவ்வித உறவுமில்லாத மொழியைப் பேசும் மக்களிடையே அவர் வாழ்ந்தார். அவர்களுடைய விழாக்கள், சடங்குகள், நோய் குறித்த அச்சங்கள் முதலியவற்றை நாள்தோறும் குறித்து வைத்தார். அந்நாட்குறிப்பின் பகுதிகளை, தலைமை ஆணையராயிருந்த ரிச்சர்டு டெம்பிள் தொகுக்க, இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழ் 1902இல் வெளியிட்டது. இன்றும் அத்தீவின் பழைய வாழ்வை ஆராய்வோர் அதனை நாடுகின்றனர். தாம் யாருக்கு ஊழியஞ் செய்ய அனுப்பப்பட்டோமோ அம்மக்களைக் கவனித்துப் பார்ப்பதும் ஊழியத்தின் ஒரு பகுதியே என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. அரசாங்க முகவரும் நற்செய்தியாளரும் ஒருவரேயாக இருப்பது இடர் நிறைந்த ஏற்பாடு. கேட்பவர் நற்செய்திக்குச் செவிசாய்க்கின்றாரா, அதிகாரத்திற்கு அஞ்சுகின்றாரா என்பதைப் பிரித்தறிவது கடினம். சாலமோனின் பதினான்கு ஆண்டு ஊழியத்தில் திருமுழுக்குப் பெற்றோர் சிலரே என்பது, அவர் அந்த அதிகாரத்தை ஆள் சேர்க்கும் கருவியாக்கவில்லை என்பதற்கு ஓரளவு சான்றாகலாம். 1909இல் அவர் மறைந்தார். எண்ணிக்கையைக் கொண்டு அளப்போமானால், அவர் விட்டுச்சென்றது மிகச் சிறியது.

ஆனால் அவருடைய பள்ளியில் ஹாச்சேவ்கா என்னும் சிறுவன் பயின்றிருந்தான்.

மண்ணின் மகன்

1884இல் மூஸ் கிராமத்தில் பிறந்த அச்சிறுவன் திருமுழுக்கில் ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயர் பெற்றார். மேற்கல்விக்காகப் பர்மாவிலுள்ள மாண்டலேக்கு அனுப்பப்பட்டார். கற்றவர் பலர் கற்ற இடத்திலேயே தங்கிவிடுவது எக்காலத்தும் உள்ள வழக்கம். ரிச்சர்ட்சனோ 1912இல் தமது தீவுக்கே ஆசிரியராகவும் உபதேசியாராகவும் திரும்பினார்.

அதே 1912ஆம் ஆண்டின் இறுதியில், தமிழ்நாட்டவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா டோர்ணக்கலின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. பிற நாட்டார் கையிலிருந்த தலைமை மண்ணின் மக்களிடம் வரவேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் உலகத் திருச்சபை எங்கும் எழுந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மாநாடுகள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, மூஸ் கிராமத்தில் ஓர் இளைஞர் தம் மக்களுக்குத் தம் மொழியில் எழுத்தறிவித்துக்கொண்டிருந்தார்.

வேதாகமத்தை நிக்கோபாரிய மொழியில் பெயர்ப்பது அவருடைய வாழ்நாட்பணி ஆயிற்று. புதிய ஏற்பாடு 1950இலும், முழு வேதாகமம் 1969இலும் வெளிவந்தன. மொரேவியர் பத்தொன்பது ஆண்டுகளில் கடக்க இயலாத மொழிச் சுவர், இவருக்குச் சுவராகவே இருக்கவில்லை. அது அவருடைய தாய் பேசிய மொழி. 1930களில் அவர் குருவாக அபிஷேகம் பண்ணப்பட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. இருபது ஆண்டுக்கு மேலாக ஒரு சபையை வளர்த்தவருக்கு, திருவிருந்தை நடத்தும் உரிமை அத்தனை காலம் தாழ்த்தியே வந்தது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

கப்பல் வராத காலம்

1942இல் ஜப்பானியப் படை அந்தமானையும் நிக்கோபாரையும் கைப்பற்றியது. இரங்கூனும் அவர்கள் வசமாயிற்று. பேராயர் இல்லை, கடிதம் இல்லை, பணம் இல்லை, கப்பல் இல்லை. 1787இல் எந்த நிலை ஓர் ஊழியத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததோ, அதே நிலை மீண்டும் வந்தது.

இம்முறை சபை அழியவில்லை. ஒற்றர் என்னும் ஐயத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனின் மகனும் கொல்லப்பட்டார். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு, மரணத்தின் விளிம்பில் நின்றார். போர் முடிந்தமையால் உயிர் தப்பினார். இப்பாடுகளுக்குப் பின்னரே கார் நிக்கோபார் மக்களில் மிகப் பெரும்பாலோர் திருச்சபைக்குள் வந்தனர். இதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆயினும் தங்களோடு இருந்து, தங்களோடு அடிபட்டு, தங்களைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மேய்ப்பரை அம்மக்கள் கண்டனர் என்பதை ஒதுக்கிவிட்டு எக்காரணத்தையும் கூற இயலாது.

பேராயம் உருவாதல்

1950இல் ரிச்சர்ட்சன் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952இல் முதலாம் மக்களவைக்கு இத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1966இல் அந்தமான் நிக்கோபார் தனிப் பேராயமாகி, அவரே அதன் முதற்பேராயர் ஆனார். 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை தோன்றியபோது இப்பேராயமும் அதில் இணைந்தது. 1975இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1978இல், தொண்ணூறு வயது கடந்த நிலையில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மேய்ப்பர், மொழிபெயர்ப்பாளர், மக்கள் பிரதிநிதி ஆகிய அனைத்தும் ஒரே மனிதரிடம் குவிந்தன. அத்தகைய தலைமை ஒரு தலைமுறைக்கு வரமாகலாம். அடுத்த தலைமுறைக்கு அதுவே சுமையாகலாம். ஆனால் நிக்கோபாரியச் சமுதாயத்தில் தலைமை ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. கிராமத்திற்குக் கிராமம் தலைவர்கள் உண்டு. துஹேத் என்னும் கூட்டுக் குடும்ப அமைப்பு நிலத்தையும் உழைப்பையும் பொதுவில் வைத்துக் காக்கின்றது. சபை இந்த அமைப்பை அழிக்காமல் அதனுள்ளே வேரூன்றியது. மேலும், பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி வெளியார் அனுமதியின்றி நிக்கோபாருக்குச் செல்ல இயலாது. எனவே வெளியிலிருந்து வரும் ஊழியரை நம்பி வாழும் சபை அங்கு நெடுநாள் நிலைத்திருக்க முடியாது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்தெறிந்தது. அதே அலை சில மணி நேரத்தில் கடலூர் மாவட்டக் கரையை அடைந்து அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. நம் கரைக்கு உதவி சாலை வழியே வந்தது. தீவுக்குக் கப்பலும் விமானமும் வரவேண்டியிருந்தது. அங்கு நிவாரணம் வந்தபோது, அதனைத் தங்கள் கிராமத் தலைவர்கள் வாயிலாகவே பெற்றுப் பகிர்ந்துகொள்ள நிக்கோபாரியர் விரும்பினர். தனித்தனிக் குடும்பங்களுக்கென வெளியார் திட்டமிட்ட வீடுகள் துஹேத் வாழ்வுக்குப் பொருந்தவில்லை. நல்லெண்ணத்தோடு வரும் உதவியும், பெறுவோரின் தலைமையைக் கேளாமல் வந்தால், காயப்படுத்தும் என்பது அவ்வாண்டுகளின் அனுபவம்.

கிரேத்தாவின் பாடம்

புதிய ஏற்பாட்டிலும் ஒரு தீவுத் திருச்சபை உண்டு. பவுலடியார் தீத்துவைக் கிரேத்தாத் தீவில் விட்டுச் சென்றதன் நோக்கம், பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்துவதே. தீத்துவே அங்கு நிரந்தரமாகத் தங்கவேண்டும் என்பதன்று. அந்நிருபத்தின் இறுதியில், வேறு ஊழியர் வந்ததும் தம்மிடம் வந்துசேருமாறு பவுல் அவரை அழைக்கின்றார். இத்தனைக்கும் கிரேத்தர் நற்பெயர் பெற்றவர் அல்லர் என்பதை அந்நிருபமே மறைக்கவில்லை. அப்படிப்பட்டவரிடையேயும் மூப்பர் எழும்புவர் என்று அப்போஸ்தலர் நம்பினார். அனுப்பப்படுபவரின் வெற்றி, அவர் இல்லாதபோதும் சபை நடப்பதில் உள்ளது.

இவ்வளவைகொண்டு பார்த்தால், வேதப்பன் சாலமோன் எவ்விதத்திலும் சிறியவர் அல்லர். அவர் பேராயர் ஆகவில்லை. ஒரு பேராயரை எழுத்தறிவித்து வளர்த்தார்.

நமக்கான கேள்வி இங்கேயே எழுகின்றது. கடலூர், சிதம்பரம் சுற்றுப்புறங்களில் கடலைக் கடக்கவேண்டிய தொலைவு எதுவுமில்லை. ஆயினும் ஓர் ஆயர் பல கிராமச் சபைகளைத் தாங்கும் சேகரங்கள் தமிழகமெங்கும் உள்ளன. அச்சபைகள் திருவிருந்துக்காக ஆயரின் வருகையை எதிர்நோக்குகின்றன. ஆயர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை தளர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு நாம்தாம் அந்தக் கப்பல். அச்சபைகளுள் வேதம் வாசிக்கவும் நோயாளிகளுக்காக மன்றாடவும் சிறுவருக்குக் கற்பிக்கவும் வல்ல ஆண்களும் பெண்களும் இருக்கின்றனர். அவர்களைப் பயிற்றுவிக்க எத்தனை மணி நேரம் செலவிடுகின்றோம்? உபதேசியார் ஊழியத்தைக் குருத்துவத்திற்குக் கீழ்ப்பட்ட ஒரு படியாகக் கருதிக் கைவிட்டோமா? அபிஷேகத்திற்குத் தகுதியுள்ளவரை ரிச்சர்ட்சனைப் போல் ஐம்பது வயதுவரை காத்திருக்கச் செய்கின்றோமா?

தொலைவு என்பது எங்கிருந்து அளக்கப்படுகின்றது? இரங்கூனிலிருந்து அளந்தவருக்கு மூஸ் கிராமம் உலகின் ஓரமாயிருந்தது. அங்கு பிறந்த பிள்ளைக்கோ அது உலகின் நடுவிடம். கல்வாரியிலிருந்து அளப்பவருக்குத் தொலைவான சபை என்று எதுவுமில்லை. அடுத்தமுறை நம் சேகரத்தின் கடைசிக் கிராமத்திற்குச் செல்லும்போது, வழிபாடு முடிந்ததும் பேருந்துக்கு விரையாமல், அங்கு ஹாச்சேவ்கா யார் என்று தேடிப் பார்ப்போமாக.