மரக்கிளையில் ஒரு குழந்தைப் பருவம்

ஜொகூரும் பகாங்கும் சந்திக்கும் எல்லையில் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. பொழுது புலரும் வேளையில் அந்தக் காட்டில் ஒரு பாட்டு எழும். பெண் கிப்பன் மெல்லத் தொடங்கிக் குரலை உயர்த்திக்கொண்டே போகும். அது முடிக்கும் தறுவாயில் ஆண் கிப்பன் பதில் குரல் கொடுக்கும். மலாய்மொழியில் ‘உங்கா’ எனப்படும் இந்த வாலில்லாக் குரங்கின் பாட்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இது எங்கள் குடும்பத்தின் இடம் என்று அண்டைக் குடும்பங்களுக்கு அது உணர்த்துகிறது.

குடும்பம் என்ற சொல் இங்குப் பொருத்தமானதே. கிப்பன்கள் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் என ஒன்றாக வாழ்கின்றன. தாய் ஏறத்தாழ ஏழு மாதம் சுமந்து ஒரு குட்டியை ஈனும். பிறந்த குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும்; தாய் கிளைவிட்டுக் கிளை தாவும்போதும் பிடியை விடாது. ஏறக்குறைய இரண்டு வயதுவரை பால் குடிக்கும். அதன் பிறகும் பல ஆண்டுகள் பெற்றோருடனேயே இருந்து, எட்டு வயதை ஒட்டித்தான் துணை தேடிப் பிரியும். வீட்டில் வளரும் பூனைக்குட்டியோ ஓராண்டுக்குள் தானே தாயாகிவிடும்!

மனிதரைப் போலவே கிப்பனுக்கும் குழந்தைப் பருவம் இத்தனை நீளமாக இருப்பதற்குக் காரணம், கற்க வேண்டியவை ஏராளம் என்பதே. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை எடை தாங்கும் என்பவற்றைக் குட்டி பெற்றோருடன் திரிந்தே அறிகிறது. பாட்டின் அமைப்பு பிறவியிலேயே வருவதுதான். ஆயினும், வளரும் மகள் தாய் பாடும்போது தானும் சேர்ந்து குரல் எழுப்பிப் பழகுகிறது. அம்மாவின் பேச்சோடு சேர்ந்து மழலை பேசும் குழந்தை நினைவுக்கு வராமல் போகாது.

சாலையோரங்களில் நாம் அன்றாடம் காணும் கெரா குரங்குகளிடமும் இத்தகைய ஒற்றுமைகள் உள்ளன. கெராவின் குட்டி கறுப்பு நிறத்தில் பிறக்கும். அதைத் தொட்டுப் பார்க்க மற்றப் பெண் குரங்குகள் ஆவலோடு நெருங்கும். ஆனால், பிள்ளை பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வரலாமா? களிமந்தான் காட்டில் கெராக்களைக் கவனித்த மைக்கல் கூமர்ட், வந்த குரங்கு முதலில் தாய்க்குப் பேன் பார்த்துவிட்டே குட்டியைத் தொடுவதைக் கண்டார். சுற்றிலும் குட்டிகள் குறைவாக இருந்தால், அது இன்னும் நீண்ட நேரம் பேன் பார்க்க வேண்டியிருந்தது. இந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது.

தாய்லாந்தின் லொப்புரி நகரிலுள்ள கெராக்கள் மனிதத் தலைமுடியால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கின்றன. குட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது தாய் அதை நிறுத்தி நிறுத்தி, பலமுறை, கூடுதல் நேரம் செய்து காட்டுகிறது.

இவ்வளவு நீண்ட வளர்ப்பு தாயிடமிருந்து கிடைப்பதால்தான், கிப்பன் குட்டியைச் செல்லப்பிராணியாக விற்பது கொடிய செயலாகிறது. தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியைப் பிடுங்க முடியாது. எனவே, பெரும்பாலும் தாயைச் சுட்டு வீழ்த்திவிட்டே குட்டியைக் கவர்கிறார்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிப்பனுக்கு முழுப் பாதுகாப்பு அளித்துள்ளது. அப்படியிருந்தும், மடியில் துணி சுற்றிய கிப்பன் குட்டியின் படங்கள் சமூக ஊடகங்களில் விருப்பக்குறிகளை அள்ளுகின்றன.

மீட்கப்பட்ட குட்டியை உடனே காட்டில் விட்டுவிட இயலாது. கிளையில் தொங்கவும், தானே உணவு தேடவும், இணையோடு சேர்ந்து பாடவும் அது பழக வேண்டும். தாய் அருகிலிருந்து காட்டித் தந்திருக்கக்கூடிய அந்தப் பாடங்களைப் பராமரிப்பாளர்களின் உதவியோடு பயில அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன.