மறைவான நீர்ச்சேதத்திற்கான வீட்டுக் காப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

மறைவான நீர்ச்சேதம் என்பது சுவரின் உள்ளே, தரைக்கு அடியில், உட்கூரைக்கு மேலே என வீட்டாரின் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நீர் கசிவதால் கட்டடத்திற்கு ஏற்படும் பாதிப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் காப்பீடு இத்தகைய சேதத்தைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே ஈடுசெய்கின்றது. சேதம் எவ்வளவு பெரியது என்பதைவிட, நீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் கசிந்தது, உரிமையாளர் அதனை அறிந்திருக்க முடியுமா ஆகிய மூன்று கேள்விகளே இழப்பீடு கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

கசிவு மறைந்திருப்பதன் காரணங்கள்

அமெரிக்க வீடுகள் பலவும் மரச்சட்டங்களால் கட்டப்பட்டவை. சட்டங்களின் மீது ஜிப்சம் பலகைகள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் பின்னுள்ள இடைவெளியில் நீர்க்குழாய்கள் செல்கின்றன. சில வீடுகளில் குழாய்கள் காங்கிரீட் தளத்திற்கு அடியில் புதைக்கப்பட்டுள்ளன. செப்புக் குழாயில் தோன்றும் ஊசிமுனை அளவிலான துளை, குளிர்பதனப் பெட்டிக்கு நீர் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய், குளியல் தொட்டியின் கழிவுக்குழாய் இணைப்பு முதலியன பல வாரங்கள் கசிந்தாலும் வெளியே தெரிவதில்லை. சுவரில் கறை, தரைப் பலகை வளைதல், பூஞ்சை நாற்றம், நீர்க்கட்டணம் உயர்தல் ஆகியவை பின்னரே தோன்றும் அறிகுறிகள். 1978 முதல் 1995 வரை பொருத்தப்பட்ட பாலிபியூட்டிலீன் குழாய்கள் பல வீடுகளில் கசிந்தன. அவை தொடர்பான கூட்டு வழக்கு 1995-இல் 95 கோடி டாலர் சமரச உடன்பாட்டில் முடிந்தது.

அடிப்படை விதி

இந்நாட்டில் பரவலாக வழங்கும் காப்பீட்டு ஒப்பந்தப் படிவம் எச்.ஓ-3 எனப்படுகின்றது. இப்படிவம் வெளிப்படையாக விலக்கப்பட்டவை தவிர்ந்த பிற காரணங்களால் கட்டடத்திற்கு நேரும் சேதத்தை ஏற்கின்றது. வீட்டிலுள்ள பொருட்களுக்கோ பட்டியலிடப்பட்ட 16 இடர்களுக்கு மட்டுமே காப்பு உண்டு. குழாயிலிருந்தோ வீட்டுச் சாதனத்திலிருந்தோ எதிர்பாராமல் நீர் வெளியேறுதல் அவற்றுள் ஒன்று.

தேய்மானம், துரு, பராமரிப்பின்மை ஆகியவை விலக்கப்பட்டவை. ஆகவே துருப்பிடித்த குழாய்க்கு இழப்பீடு இல்லை. ஆனால் அக்குழாயிலிருந்து எதிர்பாராமல் வெளியேறிய நீரால் சுவரும் தரையும் கெட்டால், வேறு விலக்கு பொருந்தாத நிலையில் அச்சேதத்திற்கு இழப்பீடு உண்டு. நடைமுறையில் இவ்வேறுபாடு பின்வருமாறு அமைகின்றது.

- பழுதான குழாய் அல்லது சாதனம்: ஈடுசெய்யப்படுவதில்லை.
- நீரால் கெட்ட சுவர், தரை, உட்கூரை: பொதுவாக ஈடுசெய்யப்படும்.
- பழுதைச் சீர்செய்யச் சுவரையோ தரையையோ உடைத்து மீண்டும் அமைக்கும் செலவு: பொதுவாக ஈடுசெய்யப்படும்.
- கழிவுநீர் பின்னோக்கி ஏறுதல்: தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும்.
- வெள்ளம், நிலத்தடி நீர் ஊறுதல்: விலக்கப்பட்டவை. வெள்ளத்திற்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் முதலியவற்றில் தனிக் காப்பீடு பெற வேண்டும்.

கால அளவு குறித்த சர்ச்சை

பல நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் தொடர்ந்து ஏற்படும் கசிவை விலக்குகின்றன. சில ஒப்பந்தங்களில் "14 நாட்கள் அல்லது அதற்கு மேல்" என வரையறை உள்ளது. கசிவை உடனே கண்டு நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பு என்பதே இவ்விலக்கின் அடிப்படை. கண்ணில் படாத கசிவுக்கு இவ்வடிப்படை எவ்வாறு பொருந்தும் என்பதே சர்ச்சைக்குக் காரணம். இதனால் சில ஒப்பந்தங்கள், கசிவு சுவருக்குள் மறைந்திருந்து எவருக்கும் தெரியாதிருந்தால் விலக்கு பொருந்தாது எனக் கூறுகின்றன. வேறு சில நிறுவனங்கள் மறைவான கசிவுக்கான காப்பைக் கூடுதல் கட்டணத்திற்கு விற்கின்றன.

ஃபுளோரிடாவில், வீட்டார் வெளியூரில் இருந்தபோது குளிர்பதனப் பெட்டியின் குழாய் ஐந்து வாரங்களுக்கு மேல் கசிந்தது தொடர்பான வழக்கில், 2018-இல் அம்மாநில ஐந்தாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 14 நாள் விலக்கு உள்ள ஒப்பந்தம் முதல் 13 நாட்களில் நேர்ந்த சேதத்தைத் தெளிவாக விலக்கவில்லை. ஆகவே அப்பகுதிக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்பது அத்தீர்ப்பு. இது அவ்வொப்பந்தத்தின் சொற்களைச் சார்ந்தது. மாநிலத்திற்கு மாநிலம் சட்டமும் வேறுபடும். பொதுவாக, சேதம் நிகழ்ந்ததை உரிமையாளரும், விலக்கு பொருந்துவதை நிறுவனமும் நிறுவ வேண்டும்.

பூஞ்சை

ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரைப்படி, நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்தினால் பெரும்பாலும் பூஞ்சை வளராது. மறைவான கசிவில் இதற்கு வாய்ப்பில்லை. டெக்சாசில் மரத்தரைக்கு அடியில் ஏற்பட்ட கசிவு தொடர்பான வழக்கில், 2001-இல் நடுவர் குழு ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 3.2 கோடி டாலர் வழங்கியது. கோரிக்கையை நிறுவனம் கையாண்ட முறையே இத்தொகைக்கு முதன்மைக் காரணம். 2002-இல் மேல்முறையீட்டில் இது ஏறத்தாழ 40 இலட்சம் டாலராகக் குறைந்தது. அக்காலத்திற்குப் பின் பல நிறுவனங்கள் பூஞ்சைக்கான காப்பை நீக்கின அல்லது 5,000, 10,000 டாலர் போன்ற உச்சவரம்புக்குள் அடக்கின.

உரிமையாளரின் கடமைகள்

சேதத்தை அறிந்தவுடன் நிறுவனத்திற்குத் தெரிவித்தல், நீரை அடைத்து மேலும் சேதமாகாமல் காத்தல், செலவுக் கணக்கைப் பேணுதல், சேதமடைந்த பகுதியைப் பார்வையிட அனுமதித்தல் ஆகியவை ஒப்பந்தம் விதிக்கும் கடமைகள். எச்.ஓ-3 படிவத்தின்படி, நிறுவனம் கேட்ட 60 நாட்களுக்குள் உறுதிமொழியுடன் கூடிய இழப்பு அறிக்கையை அளிக்க வேண்டும். கசிந்த குழாய்த் துண்டை எறியாமல் வைத்திருப்பதும், சுவரைத் திறக்கும்போது ஒளிப்படம் எடுப்பதும் கசிவின் வயதை நிறுவ உதவும்.

கசிவை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்றுண்டு. வீட்டில் நீரைப் பயன்படுத்தாத இரண்டு மணி நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவு மாறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கக்கூடும்.