மடிந்து வாழவைக்கும் செல்கள்

தீர்த்தமலைச் சரிவுகளில் வறண்ட மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதை நாம் காண்கிறோம். இது காற்றின் வேலை மட்டுமன்று. மரமே ஒழுங்குபடுத்தும் மரணமாகும்.

இலையில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளரூக்கி, காம்பு கிளையைவிட்டுப் பிரியாமல் காக்கிறது. சைட்டோகைனின் மூப்பைத் தள்ளிப்போடுகிறது. இலை முதிர்ந்ததும் இவை குறைய, எத்திலீன் மேலோங்குகிறது. அப்போது பச்சையம் சிதைகிறது. நைட்ரஜன் முதலிய சத்துகளை மரம் மீட்டுக்கொள்கிறது. பிறகே இலையின் செல்கள் மடிகின்றன. காம்படியில் செல்களின் இணைப்புக் கரைய, இலை உதிர்கிறது. முன்னதாக உதிர்ந்தால் சத்து வீண். தாமதித்தால் நீர் வீண்.

வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழாய்களும் தம் உட்பொருளைத் தாமே செரித்து, வெற்றுக் குழலாக நிற்கும் இறந்த செல்களே. நோய்க்கிருமி தாக்கினாலோ, அவ்விடத்துச் செல்கள் விரைந்து மடிந்து, கிருமி பரவாமல் தடுப்பதுண்டு.

விலங்குச் செல்களின் இத்தகைய மரணத்திற்கு 1972-ல் கெர், வைலி, கரி ஆகிய அறிஞர்கள் 'அபாப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். அக்கிரேக்கச் சொல்லுக்கு இலை உதிர்வது போன்ற உதிர்தல் என்பதே பொருள்!

மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி விவிலியத்தில் படிக்கிறோம். அதே பாடத்தை நம் மலை மரங்களும் ஆண்டுதோறும் நமக்குப் புகட்டுகின்றன அன்றோ?