‘பணியால் வந்த நோயல்ல’: ஒரு வரியை எதிர்த்து வழக்காடும் ராணுவ வீரர்கள்

1985-ல் ராணுவத்தில் சேர்ந்தபோது பிஜேந்தர் சிங் நல்ல உடல்நலத்துடன் இருந்தார். 1988-ல் அவரைச் சியாச்சின் பனிமலைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் வலிப்பு வந்தது. அடுத்த ஆண்டே மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனம் 20 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் பணியால் வந்ததல்ல என்றது மெடிக்கல் போர்டு. அதனால் டிஸ்எபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திலும் அவர் தோற்றார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் கைகொடுத்தது. 1996 ஜனவரி 1 முதல் வாழ்நாள் முழுவதும் 50 சதவீத ஊனத்துக்கான தொகையும், நிலுவைக்கு 6 சதவீத வட்டியும் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. வேலையை இழந்து 36 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி இது.

இந்தத் தாமதத்துக்கு வேர், மெடிக்கல் போர்டு நிரப்பும் படிவத்தில் இருக்கிறது. ஒரு வீரர் நோயாலோ காயத்தாலோ வெளியேறும்போது ராணுவ மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். இந்த நோய் பணியால் வந்ததா? ஏற்கெனவே இருந்த நோய் பணியால் கூடியதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் பென்ஷன் கதவு மூடிக்கொள்ளும். பக்கத்தில் எழுதப்படும் காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘உடலமைப்பு சார்ந்த நோய்’ என்றோ, ‘நோய் தொடங்கியபோது அமைதிப் பகுதியில் பணியாற்றினார்’ என்றோ இருக்கும்.

இந்த ஒற்றை வரி போதாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. அதுதான் முன்னாள் ராணுவத்தினரின் வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்துவைக்கும் தரம்வீர் சிங் தீர்ப்பு. சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்த தரம்வீர் சிங்கும் வலிப்பு நோயால்தான் 1994-ல் வெளியேற்றப்பட்டார். தீர்ப்பு சொன்னது இதுதான்: ஆளெடுக்கும்போது ராணுவமே ஒருவரைத் தலை முதல் கால் வரை சோதிக்கிறது. அப்போது எந்த நோயும் பதிவாகவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாகவே வந்தார் என்றுதான் கொள்ளவேண்டும். பின்னால் உடல் கெட்டால் அதற்குப் பணியே காரணம் என்பதே முதல் ஊகம். இல்லை என்று மறுத்தால், நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது; சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கு. சேரும்போதே அந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று சொல்லும் மருத்துவக் குழு, ஏன் முடியாது என்பதையும் எழுதவேண்டும்.

நியாயமான ஏற்பாடு. ஆனால் அதைப் பெற வீரர் ஏறவேண்டிய படிகள் பல. நிராகரிப்புக் கடிதம் வந்தால் 6 மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது மேல்முறையீடு. இரண்டையும் விசாரிப்பவை பாதுகாப்புத் துறையின் குழுக்களே. அதற்குப் பிறகுதான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல் இயற்றிய சட்டத்தின்படி 2009-ல் செயல்படத் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற உயர் ராணுவ அதிகாரி ஒருவரும் சேர்ந்து வழக்கை விசாரிப்பார்கள். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் உறுதிசெய்தது. அந்த வழி அரசுக்கும் திறந்திருக்கிறது.

இவ்வளவு போராட்டமும் எவ்வளவு பணத்துக்காக? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 20 சதவீத ஊனம் என்றால் மாதம் 2,400 ரூபாய். 50-க்குக் கீழே உள்ள ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அப்படிக் கணக்கிட்டால் 2,400 ரூபாய் 6,000 ஆகிவிடும். பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அரசு வைத்திருந்த இந்தச் சலுகை, பணிக்காலத்தை முடித்து ஊனத்துடன் ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய செல்வமில்லை, மாதாமாதம் மருந்து வாங்கும் குடும்பத்துக்கு மட்டுமே அதன் அருமை தெரியும்.

கேட்டவர்கள் எல்லாரும் ஜெயிப்பதில்லை. வருடாந்தர விடுப்பில் ஊருக்கு வந்து விபத்தில் சிக்கியவர்களின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. காயத்துக்கும் பணிக்கும் ஏதாவது தொடர்பு இருக்கவேண்டும் என்பது அதன் நிலை. நர்சிங் யாதவ் வழக்கில் 2019-ல், மனநோய் ஆளெடுப்பின்போது வெளியே தெரியாமல் இருக்கக்கூடும், எனவே ஊகத்தை மட்டும் வைத்துப் பென்ஷன் தரமுடியாது என்றது. இப்படி ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தகுதியில் எடைபோடுவதில் தவறில்லை.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. முடிந்துபோன சட்டக் கேள்விகளையே அரசு மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. இத்தகைய மேல்முறையீடுகளைக் குறைக்கவேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் அமைத்த நிபுணர் குழுவே 2015-ல் பரிந்துரைத்தது. பிறகும் வழக்குகள் குறைந்தபாடில்லை. 2025 மார்ச்சில் நீரிழிவு தொடர்பான ஒரு வழக்கில் அரசின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் வந்தது என்பது மட்டுமே பென்ஷனை மறுக்கக் காரணமாகாது என்றது. எல்லையில் நிற்காத நாட்களிலும் ராணுவ வாழ்க்கையின் நெருக்கடி உடலை விடுவதில்லை. இதை நீதிமன்றம் சொல்லித்தான் அரசு தெரிந்துகொள்ள வேண்டுமா? தோற்கப்போகும் வழக்கு என்று தெரிந்தே ஒரு நோயாளியை டெல்லிவரை அலையவிடுவதை எந்தச் சிக்கனக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

2023 செப்டம்பர் 21 முதல் இந்தப் பென்ஷனுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குப் பழைய விதிகளே. ஆகவே வழக்குக்குப் போகுமுன் தனக்கு எந்த ஆண்டின் விதி என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், நிராகரிப்புக் கடிதம், எந்தெந்த ஆண்டில் எங்கே பணியாற்றினார் என்ற விவரம் ஆகியவை கையில் இருக்கவேண்டும். நகல் இல்லாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் கிடைக்கும். தள்ளிப்போட்டால் நட்டம் வீரருக்குத்தான். 1983-ல் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் உரிமை நிலைத்தது; ஆனால் நிலுவைத் தொகையை, வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது.