மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும்

சிவனொளிபாதமலைக்குப் போக ஆசைப்படும் சகோதரிகள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போவது நல்லது. டிசம்பரில் வரும் உந்துவப் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். தை மாதத்தில் குளிர் கடுமை. போயா நாட்களையும் வார இறுதியையும் தவிர்த்தால் நெரிசல் குறையும்.

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகலாம். மலையின் உயரம் 2,243 மீற்றர். அங்கிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள். சூரிய உதயம் காண்பதற்கு நள்ளிரவளவில் ஏறத் தொடங்க வேண்டும்.

ஏறும்போது வியர்க்கும், உச்சியில் நின்றதும் அந்த ஈர உடுப்பே குளிரை ஏற்றும். ஆகவே மாற்றுச் சட்டையும், காது மூடும் தொப்பியும், டோர்ச்சும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் நோகும். ஊன்றுகோல் உதவும்.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர், செயற்கைக் கால் அணிந்தவர், மூச்சு இளைப்பவர் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். கூட வருபவர்களுக்கும் சொல்ல வேண்டும். நோவை மறைத்து வாழ நாங்கள் பழகிவிட்டோம். மலையில் அந்தப் பழக்கம் ஆபத்து.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஒருவருக்கு இயலாவிட்டால் இன்னொருவர் தேநீர்க்கடையில் அவருடன் தங்கட்டும். அந்த இன்னொருவர் யாரென்பதைப் புறப்படுமுன், வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.