பொறியின் இழுகயிறு

திருத்தணிகை தமிழகத்தின் வட எல்லையில் விளங்கும் ஒரு மலைநகர். முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. மலையடியிலிருந்து கோயில் வரை 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாளொன்றுக்குப் படியொன்று என்று பெரியோர் கூறுவர். ஆந்திரத்தோடு சேர்ந்திருந்த இவ்வூர், 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று இது திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இவ்வூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசி நடக்கும். நாம் கயிறு என்பதைத் தெலுங்கர் தாடு என்பர். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே. அத்தகைய ஒரு சிறு கயிற்றின் பெருமையையே இப்பாடத்தில் காணப்போகிறோம்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகையில் காவடிகள் அலைஅலையாக மலையேறும். அத்தகைய திருவிழாக் காலங்களில் வழியோரத்துக் கடைகள் சிலவற்றிற்குச் சிறிய மின்னாக்கிப் பொறிகள் ஒளி தரும். ஊரைச் சூழ்ந்த கழனிகளிலோ, பயிருக்கு மருந்து தெளிக்கவும், மின்கம்பி எட்டாத குளத்திலிருந்து நீர் இறைக்கவும் பெட்ரோலால் இயங்கும் சிறு பொறிகள் உதவும். இவற்றுள் பல, ஒரு கைப்பிடியைப் பற்றிக் கயிற்றை இழுத்தால் இயங்கத் தொடங்குவன. கயிறு அறுந்துவிட்டாலோ, பழுதற்ற பொறியும் வெறும் இரும்புக் கட்டியாகக் கிடக்கும். குளத்தில் நீர் இருந்தும் பயிர் வாடும். ஆதலின் அக்கயிற்றின் அமைப்பையும், அதனைச் செப்பனிடும் முறையையும் அறிந்திருத்தல் நன்று.

முதற் சுழற்சி:

பெட்ரோல் பொறி தன்னைத்தானே தொடங்கிக்கொள்ள வல்லதன்று. அதன் உருளைக்குள் பிஸ்டன் இறங்கும்போது காற்றும் எரிபொருளும் கலந்த ஆவி உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் ஏறும்போது அவ்வாவி அழுத்தப்படும். அழுத்தப்பட்ட ஆவியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை எழுப்ப, ஆவி எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் பிஸ்டன் ஏறுங்கால் புகை வெளியேறும். இந்நான்கு வினைகளால் இயங்கும் பொறியை 1876இல் வெற்றியோடு செய்து காட்டியவர் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ என்பவர்.

இந்நான்கனுள் ஆற்றலைத் தருவது எரிதல் ஒன்றே. அதற்கு முன்னர் ஆவியை இழுக்கவும் அழுத்தவும் வேண்டும் அன்றோ? அவ்வேலையை முதன்முறை செய்யப் பொறிக்கு வலிமையில்லை. வெளியிலிருந்து ஒரு கை உதவுதல் வேண்டும். அன்றியும், சிறு பொறிகளில் சக்கரத்தோடு சுழலும் காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சக்கரம் விரைந்து சுழன்றாலன்றித் தீப்பொறி தோன்றாது. எனவே முதற் சுழற்சி வலிமையோடும் விரைவோடும் அமைதல் வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளை முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயக்குவர். சில வேளைகளில் பொறி எதிர்த்திசையில் திமிறிக் கையை ஒடித்துவிடும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்தொடக்கி 1912இல் காடிலாக் வண்டிகளில் பொருத்தப்பட்ட பின்னர் அத்துன்பம் படிப்படியாக நீங்கியது. ஆயினும் மின்தொடக்கிக்கு மின்கலம் வேண்டும். எடையும் விலையும் கூடும். தோளில் சுமக்கும் சிறு பொறிக்குக் கயிறே போதியது.

பம்பரமும் பொறியும்:

மாணவர்களே, நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். கயிற்றைப் பம்பரத்தின்மீது சுற்றி விசையோடு இழுத்தால், நேராகச் சென்ற இழுப்பு பம்பரத்தில் சுழற்சியாக மாறுகின்றது. தொடக்கத்தில் சிறு பொறிகளையும் இவ்வாறே இயக்கினர். சக்கரத்தோடு இணைந்த கப்பியின் வெட்டில் கயிற்றின் முடிச்சை மாட்டி, சுற்றி, இழுப்பர். பொறி இயங்காவிடில் மறுபடியும் கயிற்றைக் கையால் சுற்றுதல் வேண்டும். இத்தொல்லையை நீக்க வந்ததே, கயிற்றைத் தானே திரும்பச் சுற்றிக்கொள்ளும் தொடக்கி. இதனை மெக்கானிக்குகள் ஸ்டார்ட்டர் என்பர்.

உறுப்புகள்:

இத்தொடக்கி பொறியின் ஒரு பக்கத்தில் சில திருகாணிகளால் பொருத்தப்பட்ட வட்டமான மூடிக்குள் அமைந்திருக்கும். அதன் முதன்மையான உறுப்புகள் நான்கு. முதலாவது, நைலான் கயிறு. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பும், ஏறத்தாழ ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை நீளமும் உடையது. இரண்டாவது, கயிறு சுற்றியிருக்கும் கப்பி. மூன்றாவது, சுருள்வில். இது கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் வில்லைப் போன்ற உருக்கு நாடா. இதன் ஒரு முனை மூடியிலும், மறுமுனை கப்பியிலும் மாட்டப்பட்டிருக்கும். நான்காவது, பற்றுக்கொக்கி. கயிற்றை இழுக்கும்போது இக்கொக்கி வெளியே விரிந்து பொறியின் சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும். பொறி இயங்கத் தொடங்கியதும் பிடியை விட்டு உள்ளே மடங்கும்.

கயிற்றை இழுக்கும் நம் கை ஒரே வேளையில் இரு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று பொறியைச் சுழற்றுதல்; மற்றொன்று சுருள்வில்லை முறுக்குதல். அம்முறுக்கில் சேர்ந்த ஆற்றலே கயிற்றைத் திரும்ப உள்ளே இழுக்கின்றது.

நோய் நாடுதல்:

மருத்துவர் மருந்து கொடுக்குமுன் நோய் இன்னதென அறிவார். பொறியைச் செப்பனிடுவோனும் அவ்வாறே செய்தல் வேண்டும். கைப்பிடி கயிற்றோடு கையில் வந்துவிட்டால் கயிறு அறுந்தது என்பது வெளிப்படை. இழுத்த கயிறு உள்ளே திரும்பாமல் தொங்கினால், சுருள்வில் ஒடிந்திருக்கலாம். அல்லது அதன் முனை கழன்றிருக்கலாம். கயிறு எளிதாக வந்தும் பொறி சுழலாவிடில் பற்றுக்கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கேறி விரியாதிருக்கும். கயிறு சிறிதும் அசையாவிடில், மூடியைக் கழற்றித் தொடக்கியைத் தனியே இழுத்துப் பார்த்தல் வேண்டும். அப்போது அது எளிதில் இயங்கினால், இறுகியிருப்பது பொறியே. குறை தொடக்கியில் இல்லை.

செப்பனிடும் முறை:

அறுந்த கயிற்றை மாற்றும் முறையை ஈண்டுக் காண்போம். பொறியை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி விலக்கி வைத்தல் முதற் கடமை. தவறிச் சக்கரம் சுழன்றாலும் அப்போது பொறி உயிர்பெறாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் அணிதல் வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருத்தலும் இன்றியமையாதது.

திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்துக் கவிழ்த்தால் கப்பி தெரியும். கயிறு அறுந்த அளவிலே கப்பி பின்னோக்கிச் சுழன்று, வில்லின் முறுக்கு தளர்ந்திருக்கும். எனினும் அது முற்றும் அடங்கிவிட்டதாக எண்ணலாகாது. நீண்ட உருக்கு நாடா குறுகிய இடத்தில் சுருண்டே கிடக்கின்றது. கப்பியை அதன் இடத்திலிருந்து தூக்கினால், அது பாம்பு போலச் சீறிப் பாய்ந்து முகத்தையும் கண்ணையும் கிழிக்கக்கூடும். ஆதலின் கயிற்றை மட்டும் மாற்றுவோர் கப்பியைக் கழற்றாதிருப்பதே அறிவுடைமை. வில் ஒடிந்திருந்தால், அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுதல் வேண்டும்.

பழைய கயிற்றின் துண்டுகளை நீக்கி அவற்றைச் சேர்த்து அளந்து, அதே நீளமும் தடிப்பும் உள்ள புதுக்கயிற்றைக் கொள்க. தடித்த கயிறு கப்பியின் பள்ளத்தில் அடங்காது. மெல்லிய கயிறு விரைவில் அறும். நைலான் கயிற்றின் இரு முனைகளையும் தீயில் சிறிது காட்டினால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியா. எரிபொருள் உள்ள இடத்திற்கு அப்பாலே இதனைச் செய்க.

இனி, கயிறு இழுக்கப்படும்போது கப்பி எத்திசையில் சுழலுமோ அத்திசையிலேயே அதனைக் கையால் சுழற்றி, வில் முற்றும் இறுகும் வரை முறுக்குதல் வேண்டும். இறுகியபின் ஏறத்தாழ ஒரு சுற்றுப் பின்னோக்கி விட்டு, கப்பியிலுள்ள துளை மூடியின் வாயிலுக்கு நேராக வரும்படி நிறுத்துக. அந்நிலையில் கப்பி சுழலாதபடி ஓர் இடுக்கியால் அழுத்திப் பிடித்துக்கொள்க. கயிற்றை வெளியிலிருந்து வாயில் வழியே நுழைத்து, கப்பியின் துளையிற் செலுத்தி, முனையில் இறுக்கமாக முடிச்சிடுக. மறுமுனையில் கைப்பிடியைக் கோத்து முடிச்சிடுக. பின்னர்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே இடுக்கியை எடுத்து, கயிறு மெல்ல மெல்ல உள்ளே செல்ல விடுக. கையைத் திடீரென விட்டுவிட்டால் கைப்பிடி மூடியில் மோதி உடையும்.

ஒரு சுற்றுப் பின்னோக்கி விடச் சொன்னது ஏன்? கயிற்றின் எல்லையும் வில்லின் எல்லையும் ஒன்றாகிவிடக் கூடாது. கயிறு முழுதும் வெளியே வந்த நிலையிலும் வில்லில் சிறிது இடம் மிஞ்சியிருத்தல் வேண்டும். இன்றேல் ஒவ்வோர் இழுப்பிலும் வில் ஒடியும் நிலைக்கு வரும். முறுக்கு மிகக் குறைந்தாலோ, கைப்பிடி மூடியோடு ஒட்டாமல் தொங்கும். மிகையும் குறையும் இன்றி அளவறிந்து செய்தலே இவ்வேலையின் உயிர்நாடி.

காரணம் அறிதல்:

புதுக்கயிறு பூட்டியதும் வேலை முடிந்ததென்று எழுதல் தகாது. பழைய கயிறு ஏன் அறுந்தது? மூடியின் வாயிலில் விரலால் தடவிப் பார்த்தால் பல வேளைகளில் விடை கிடைக்கும். அவ்விடத்து வளையம் தேய்ந்து கூர்மையாக இருந்தால், அது ஒவ்வோர் இழுப்பிலும் கயிற்றை அரம் போல் அராவும். வளையத்தை மாற்றியோ, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியோ அக்குறையைக் களையாவிடில், புதுக்கயிறும் பழைய கயிற்றின் வழியே செல்லும். கயிற்றைச் சாய்வாக இழுக்கும் பழக்கமும் அது அறுவதற்கு ஒரு காரணம். கிணற்றில் நீர் சேந்துவோர் கயிறு கல்லில் உரசாமல் கப்பியின்மீது நேராக ஓடுமாறு பார்த்துக்கொள்வதை நினைவிற் கொள்க.

இயக்கும் முறை:

மூடியைப் பொருத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியை மாட்டியபின் பொறியை இயக்கலாம். முதலில் கைப்பிடியை மெல்ல இழுக்க வேண்டும். உருளையிலுள்ள ஆவி அழுத்தப்படுவதால் ஓரிடத்தில் எதிர்ப்புத் தோன்றும். அவ்விடத்தில் நிறுத்திக் கயிற்றை மெல்ல உள்ளே விட்டு, பின்னர் விரைந்து நேராக இழுத்தல் வேண்டும். கயிற்றின் கடைசி வரை வெட்டி இழுத்தலும், இழுத்த கைப்பிடியைக் கைவிடுதலும் கேடு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது. பொறி எதிர்த்துத் திமிறினால் விரலுக்கு ஊறு நேரும். மூடிய அறையிலும் கடையின் உட்புறத்திலும் பொறியை இயக்குதல் உயிருக்கு இறுதி. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சுக்காற்றாகும்.

பழுதடைந்த பொருளை எறிந்துவிட்டுப் புதியது வாங்குதல் எளிது. ஆனால் சிறிய கயிறு ஒன்று அறுந்ததற்காகத் தொடக்கி முழுவதையும் எறிவது, செருப்பின் வார் அறுந்ததற்காகச் செருப்பையே எறிவதைப் போன்றது. உழவனுக்கும் சிறு கடைக்காரனுக்கும் அது வீண் செலவு. ஒரு பொருளைச் செப்பனிடுவோன் அதன் உள்ளமைப்பை அறிகின்றான்; பழுதின் காரணத்தைத் தேடுகின்றான்; அளவறிந்து செய்யவும், ஆபத்தை முன்னறிந்து ஒதுங்கவும் கற்கின்றான். ஏட்டில் படித்த ஆற்றலும் அழுத்தமும் சுழற்சியும் அவன் கையில் உயிர்பெறுகின்றன. ஆதலின், மாணவர்களே, கைத்தொழிலை இழிவென எண்ணாது, கருவியைப் பிடிக்கும் கையும் காரணத்தை ஆராயும் அறிவும் ஒருங்கே பெற்று வாழ்வீர்களாக.